வீட்டுக்குள் எடுக்கும் சிரிப்புப் படங்கள்: எடுக்கும்போது வந்த சிரிப்பு திரையில் ஏன் வரவில்லை?

பாளை மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

பாளையங்கோட்டையில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து மூன்று வருடமாகப் படம் எடுக்கிறோம். சங்கம் என்று பதிவெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். ஒருவருக்கு வங்கியில் வேலை, ஒருவர் கூரியர் கொண்டு கொடுப்பவர், இரண்டு பேர் கல்லூரி மாணவிகள், ஒருவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். சினிமாவுக்குப் போகும் எண்ணம் எங்களில் யாருக்கும் இல்லை. வீட்டுக்குள் நடக்கிற கூத்தைப் படமாக எடுக்க வேண்டும், அதை எங்கள் தெரு ஆட்கள் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இதுவரை நான்கு படம் முடித்திருக்கிறோம். ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், இரண்டு போன், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க ஒரு தெர்மாகோல் அட்டை. நடிப்பவர்கள் எல்லாம் வீட்டு ஆட்கள்.

ஐந்தாவது படம்தான் இப்போது பிரச்சினை. கதை இதுதான். காலை ஏழு மணி. அப்பாவுக்கு வள்ளியூரிலிருந்து போன் வருகிறது. அவர் தங்கச்சி குடும்பத்தோடு எட்டுப் பேர் காலைச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அதை அம்மாவிடம் சொல்ல அடுக்களைக்குப் போகிறார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் மிக்சி ஓடுகிறது. நிறுத்தியதும் சொல்லப் போகிறார், மறுபடி ஓடுகிறது. இப்படி ஐந்து தடவை. கடைசியில் வாசலில் கார் வந்து நிற்கிறது.

எடுக்கும்போது கேமரா பிடித்தவனே சிரித்துக் கை ஆடி, மூன்று டேக் வீணானது. எங்கள் அப்பாவும் அம்மாவும்தான் நடித்தார்கள். போன வாரம் எடிட் செய்து மாடியில் போட்டோம். ஏழு நிமிடம் ஓடியது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் "நல்லா இருக்கு தம்பி"ன்னு சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அந்த நல்லா இருக்கு எனக்கு ராத்திரி முழுக்கக் காதில் ஓடியது.

எங்கே தவறு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கேசட் அண்ணாச்சி:

தம்பி, முதலில் ஒரு கேள்வி. அப்பா பேசும்போது அப்பா முகம், அம்மா பேசும்போது அம்மா முகம் என்று வெட்டி வெட்டிப் போட்டிருக்கிறீர்களா?

பாளை மாடிவீடு:

ஆமாம் அண்ணாச்சி. அப்பா வாய் திறப்பதற்கு ஒரு குளோசப், மிக்சிக்கு ஒரு குளோசப், அம்மா கை சுவிட்சைத் தட்டுவதற்கு ஒரு குளோசப். ஏழு நிமிடத்தில் நூற்றுச் சொச்சம் வெட்டு.

கேசட் அண்ணாச்சி:

அதுதான். சிரிப்பை நறுக்கிவிட்டீர்கள்.

நான் எண்பதுகளின் கடைசியில் கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பித்தவன். முதலில் கேமரா வாடகைக்கு, அப்புறம் சொந்தமாகப் பானாசோனிக் எம் 9000. தோளில் தூக்கி வைத்தால் முழு விஎச்எஸ் கேசட்டும் அதற்குள்ளேயே இருக்கும். கூடவே ஒரு பையன் சன்கன் லைட்டைப் பிடித்துக்கொண்டு வருவான். ஆயிரம் வாட், பத்து நிமிடத்தில் மாப்பிள்ளைக்கு வேர்த்துவிடும். பழைய வீடுகளில் அதைப் போட்டதும் பியூஸ் போன கதை நிறைய உண்டு.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கேமரா சும்மா கிடக்கும், லைட் பையனும் சும்மா இருப்பான். அந்த இரண்டு மாதமும் நாங்கள் வீட்டுக் கதை எடுப்போம். நான், லைட் பையன், தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த நண்பர், அவர் மனைவி, என் மச்சினன். மாப்பிள்ளைக்குச் சொதி சாப்பாடு போடுகிற கதை ஒன்று எடுத்தோம். மறுவீட்டில் மாமியார் ஊற்றிக்கொண்டே இருப்பார், மாப்பிள்ளை போதும் என்று சொல்லக் கூச்சப்பட்டு, இலையை மறைக்கக் குனிந்துகொண்டே போவான். தேங்காய்ப்பாலில் செய்கிற குழம்பு, வயிறு தாங்காது. அதற்குத்தான் கூடவே இஞ்சிப் பச்சடி வைப்பார்கள். அவன் பச்சடியை மட்டும் கேட்டுக் கேட்டு வாங்குவான். மாமியாரோ, மாப்பிள்ளைக்குச் சொதி ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால்தான் பச்சடி கேட்கிறார் என்று இன்னும் ஊற்றுவார்.

அன்றைக்கு எடிட்டிங் என்றால், கேசட்டை ஓட்டவும் பதியவும் செய்கிற விசிஆர் பெட்டி இரண்டு. ஒன்றில் ஓட்டி மற்றதில் பதிய வேண்டும். நடுவில் ஒரு ஷாட்டை இரண்டு வினாடி கூட்ட நினைத்தால் அந்த இடத்திலிருந்து கடைசி வரைக்கும் திரும்பவும் பதிய வேண்டும். காப்பிக்குக் காப்பி எடுத்தால் படம் மங்கி, சிவப்புச் சேலை வழிய ஆரம்பிக்கும். அதனால் வெட்டுவதற்கே பயம். மாமியார், மாப்பிள்ளை, இலை மூன்றும் தெரிகிற மாதிரி கேமராவைத் தரையில் பலகை போட்டு வைத்து, மூன்று நிமிடம் அப்படியே ஓடவிட்டோம். வேறு வழி இல்லாமல் செய்ததுதான். ஆனால் கேசட் போன வீடெல்லாம் சிரித்தார்கள். அவன் குனிகிறதையும் அவர் ஊற்றுகிறதையும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் சிரிப்பு.

உங்கள் படத்திலும் சிரிப்பு அப்பா வாயிலும் இல்லை, மிக்சியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நடுவைத்தான் ஒவ்வொரு தடவையும் வெட்டி எறிந்திருக்கிறீர்கள்.

கடல்தாண்டி நெல்லை:

அண்ணாச்சி சொன்னதற்கு நூறு வருடத்துக்கு மேல் பழைய சாட்சி இருக்கிறது. 1895இல் லூமியேர் சகோதரர்கள் பாரிசில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய முதல் படங்களில் ஒரு தோட்டத்துக் கதை உண்டு. தோட்டக்காரர் குழாயில் தண்ணீர் பாய்ச்சுகிறார். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றதும் அவர் குழாய் வாயை உற்றுப் பார்க்கிறார், பையன் காலை எடுக்கிறான், முகத்தில் அடிக்கிறது. ஒரு நிமிடம்கூடக் கிடையாது. கேமரா அசையவே இல்லை. பையன் கால், குழாய், தோட்டக்காரர் எல்லாம் ஒரே சட்டத்தில். அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. அதே திரையிடலில், அந்தச் சகோதரர்களில் மூத்தவர் தன் குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுகிற படமும் இருந்தது. சினிமா பிறந்ததே வீட்டு முற்றத்தில்தான் என்று சொல்லலாம்.

நான் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இங்கே ஒரு பழைய சினிமா கிளப் இருக்கிறது, நாலு வருடமாகப் போகிறேன். தேவாலயத்துக்குப் பக்கத்து ஹாலில் வாரம் ஒரு சாயங்காலம். பெரும்பாலும் எழுபது வயது தாண்டியவர்கள். நடுவில் டீயும் பிஸ்கட்டும். ஒரு நிமிடப் படப் போட்டிகூட வைப்பார்கள். முதல் நாள் போனபோது எனக்கு நம்ம ஊர்க் கோவில் கமிட்டிதான் ஞாபகம் வந்தது. அதே சண்டை, அதே ஒட்டுதல்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்றால், 1923இல் கோடாக் 16 மி.மீ. படச்சுருளைக் கொண்டுவந்தது. அதற்கு முன் தியேட்டருக்கு என்று இருந்த நைட்ரேட் சுருள் சுலபமாகத் தீப்பிடிக்கும். இது அப்படிப் பற்றாது, அதனால் வீட்டில் வைத்து ஓட்டலாம். 1926இல் நியூயார்க்கில் அமெச்சூர் சினிமா லீக் தொடங்கியது. 1932இல் அதைவிட மலிவான 8 மி.மீ. வந்தது, அதே வருடம் பிரிட்டனிலும் அமெச்சூர் ஒளிப்பதிவாளர்களுக்கு ஒரு சங்கம் வந்தது. கிளப்புகள் போட்டிக்கு எடுத்ததில் வீட்டுக் கதைகள் நிறைய. வீட்டம்மா ஊருக்குப் போனதும் கணவர் அடுக்களையில் படும் பாடு என்கிற மாதிரி. காரணம் எளிது. செட் போடக் காசு கிடையாது, சொந்த வீடு இருக்கிறது. ஒரு 8 மி.மீ. சுருள் ஏறக்குறைய நாலு நிமிடம்தான் ஓடும், சுருள் விலையும் கழுவும் கூலியும் அதிகம். அதனால் கேமராவைத் தொடுவதற்கு முன்பே யார் எங்கே நிற்பது, எந்தப் பாத்திரம் எப்போது விழுவது எல்லாம் முடிவாகிவிடும்.

இன்னொன்று கவனித்தேன். அவை ஊமைப் படங்கள். உங்கள் மிக்சி கதையும் உள்ளுக்குள் ஊமைப்படம்தான். அப்பா பேசுவது கேட்காது என்பதுதானே கதையே! அப்படியென்றால் அவர் கையும் தோளும் என்ன செய்கிறது என்பது முழுசாகத் தெரிய வேண்டும். குளோசப்பில் உதடு மட்டும் தெரிந்தால் பாதிப் படம் போய்விட்டது.

புது சேனல்:

அண்ணன்மார்கள் எல்லாம் நல்லா சொல்லியிருக்கீங்க. ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பேச்சு வழக்கைப் பொதுவாக வைத்தால் என்ன? நெல்லைப் பேச்சு வேறு மாவட்ட ஆட்களுக்கு வேகமாகப் போகிறது. நாங்கள் யூடியூபில் போட்டபோது பாதிப் பேர் புரியவில்லை என்றார்கள். சென்னை மாதிரிப் பேச்சில் எடுத்தால் எல்லா ஊரிலும் பார்ப்பார்கள்.

அம்பை மைனி:

புது சேனல் தம்பி, இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும், கோபம் இல்லை.

அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எங்கள் சின்னக் குழுவில் நான்தான் எழுதுகிறேன், நடிக்கவும் செய்கிறேன். பெரிய சினிமாவில் நம்ம பேச்சு எங்கே வருகிறது? கையில் அரிவாள் வைத்திருக்கிறவன் வாயில் வருகிறது. வரிக்கு ஒரு ஏலே போட்டால் திருநெல்வேலி ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் என் மாமியார் ஒரு நாளும் என்னை ஏலே என்றது கிடையாது. "ஏட்டி, சாப்பிட்டியா"ம்பாவ. மாமாவைப் பற்றிச் சொல்லும்போது "அவிய வந்துட்டாவளா"ன்னு கேப்பாவ. எதிர்வீட்டுப் பெரியவர் வந்தால் "வாங்க, இருங்க, காப்பி குடிக்கியளா"ன்னுதான் பேச்சு. எவ்வளவு மரியாதையான மொழி இது! சண்டை போட்டாலும் "என்னத்த சொல்லுதிய நீங்க"ன்னு நீங்க போட்டுத்தான் சண்டை. அந்த மரியாதைக்குள்ளே கோபம் முட்டிக்கொண்டு நிற்கிறதே, அதில்தான் எங்கள் வீட்டுச் சிரிப்பு இருக்கிறது. அதைச் சென்னைப் பேச்சுக்கு மாற்றினால் கோபம் மட்டும் மிஞ்சும்.

புரியாதவர்களுக்கு அடியில் எழுத்து போடலாம். அதற்காக வீட்டு ஆளின் வாயை மாற்றக் கூடாது.

சரி, மாடிவீடு தம்பிக்கு வருகிறேன். எனக்கு உங்கள் கதையிலேயே ஒரு இடறல் இருக்கிறது. வீட்டில் அப்பா, அம்மா, நீங்கள் மூன்று பேர்தானே? மூன்று பேருக்குச் சட்னி அரைக்க ஐந்து தடவை மிக்சி எதற்கு? அரை மூடித் தேங்காய், ஒரு சுற்று, அப்புறம் வழித்துவிட்டு ஒரு சுற்று. முடிந்தது. ஐந்து தடவை ஓடுகிறது என்றால் அது எட்டுப் பேர் விருந்தாளிக்கு அரைக்கிற சட்னி. அடுக்களையில் நிற்கிற எந்தப் பொம்பளைக்கும் இது முதல் பார்வையிலேயே உறுத்தும். பக்கத்து வீட்டு ஆச்சி எழுந்து போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அப்புறம் இன்னொன்று. எல்லா வீட்டுப் படத்திலும் அம்மாவோ, மாமியாரோ, மருமகளோ ஒன்றும் தெரியாதவர்களாகவே வருகிறார்கள். விஷயம் தெரிந்தவர் அப்பா, தெரியாதவர் அம்மா. போன வருடம் எங்கள் குழுவில் ஒரு காட்சி எழுதினார்கள். பால் பொங்கி வழிகிறது, மாமியார் மருமகளைத் திட்ட வேண்டும். எங்கள் சின்ன மாமியார்தான் நடித்தாவ. வசனத்தைக் கேட்டுவிட்டு, "நான் எதுக்கு அவளத் திட்டணும்? நானும்தான அங்கன நின்னேன், நானும்தான பாக்கல"ன்னு கேட்டுட்டாவ. எல்லாரும் முழித்தோம். அப்புறம் அதையே எடுத்தோம். பால் வழிகிறது, இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள், ஹாலில் பேப்பர் படிக்கிற மாமா காதில் விழாமல் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சுக் காட்டாமல் அடுப்பைத் துடைக்கிறார்கள். அதுக்குத்தான் வீடே சிரித்தது. எழுதின வசனம் அப்படியே நோட்டில் கிடக்கிறது.

வண்ணாரப்பேட்டை ஒலி:

மைனி சொன்ன சட்னிக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. பிரமாதம்.

நான் சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாடிவீடு, மிக்சியை நிஜமாகவே ஓடவிட்டு எடுத்தீர்களா? அப்படியானால் போனின் மைக் அந்தச் சத்தத்துக்குத் தானாகவே அளவைக் குறைத்துவிடும். மிக்சி நின்றதும் ஒன்றிரண்டு வினாடி ஒன்றுமே கேட்காது, பிறகு மெதுவாக ஏறும். அந்த ஒன்றிரண்டு வினாடியில்தான் அப்பா வாய் திறப்பார். அவர் சொல்கிற முதல் சொல் செத்துப் போயிருக்கும்.

இப்படிச் செய்யுங்கள். நடிப்பை எடுக்கும்போது மிக்சியைச் செருகவே வேண்டாம், ஜாரில் கை வைத்தால் போதும். அப்பா சட்டைக்குள் ஒரு லேப்பல் மைக் குத்திவிடுங்கள், துணி உரசாமல் இருக்க மைக்குக்குப் பின்னால் சின்னதாகப் பஞ்சு பிளாஸ்திரி. மிக்சியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். வெறும் ஜார் ஓடுகிற சத்தம் வேறு, தேங்காய் போட்டதும் வேறு, தண்ணீர் ஊற்றியதும் இறங்குகிற சத்தம் வேறு. மூன்றையும் எடுத்து வைத்தால் ஐந்து தடவையும் ஒரே மாதிரி கேட்காது. யாரும் பேசாமல் அடுக்களையின் அமைதியை ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் முனகல், வெளியே காக்கா எல்லாம் அதில் இருக்க வேண்டும். வெட்டு விழுகிற இடத்தில் அதைத்தான் அடியில் ஓடவிட வேண்டும்.

ஒரு சிக்கல் வரும். மிக்சி ஓடாதபோது மனுஷனுக்குக் கத்தத் தோன்றாது. மெதுவாகப் பேசிவிடுவார். அதற்கு, டேக்குக்கு முன்னால் நிஜ மிக்சியைப் போட்டு இரண்டு தடவை பேச வையுங்கள். அந்தச் சூட்டிலேயே நிறுத்திவிட்டுக் கேமராவை ஓட்டுங்கள். தொண்டை அந்த அளவை மறந்திருக்காது.

அடுக்களையில் டியூப் லைட் என்றால் படத்தில் வரி வரியாக ஓடும். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 25 பிரேமில் வைத்து ஷட்டரை வினாடியில் ஐம்பதில் ஒரு பங்காக வையுங்கள், போய்விடும். போனில் முப்பதிலேயே விட்டுவிட்டு நிறையப் பேர் லைட்டைக் குறை சொல்கிறார்கள்.

பாளை மாடிவீடு:

நோட்டுப் போட்டு எழுதி வைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் நன்றி.

மைனி, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "நான் அன்னைக்கே நெனச்சேன். மூணு பேருக்கு எவன் இவ்வளவு தேங்கா போடுவான்னு. நீ டைரக்டரு, உங்கிட்ட எப்படிச் சொல்லன்னு விட்டுட்டேன்." எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. பெற்ற அம்மாவே சொல்லத் தயங்குகிற மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன். மாடியில் ஒன்பது பேர் உட்கார்ந்து கதை பேசும்போது அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கீழே போய்விடுவாள். இத்தனை நாளும் அப்படியே விட்டிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் மேலே உட்காருகிறாள்.

கதையும் மாறிவிட்டது, அம்மாதான் மாற்றினாள். அத்தை முந்தின நாள் ராத்திரியே அம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் மிக்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. விருந்தாளி வருகிற செய்தியை அப்பாவால் சொல்ல முடியாமல் போவதே, அந்த விருந்தாளிகளுக்குச் சட்னி அரைப்பதால்தான். அப்பா பின்னால் நின்று தவிக்கிறார், அவர் முன்னாலேயே இட்லிக் கொப்பரை வெந்துகொண்டிருக்கிறது, உடைத்த தேங்காய் மூடிகள் குவிகின்றன, பரணிலிருந்து பெரிய தூக்குச் சட்டி இறங்குகிறது. அவர் எதையும் பார்க்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு இரண்டாவது மிக்சியிலேயே புரிந்துவிடும். கடல்தாண்டி அண்ணன் சொன்ன தோட்டக்காரர் கதைதானே இது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். அப்பா கேமரா முன்னால் நின்றதும் மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறார். "நான் உன்னிடம் ஒரு செய்தி கூற வேண்டும்" என்கிறார். வீட்டில் ஒரு நாளும் அப்படிப் பேசினது கிடையாது.

கேசட் அண்ணாச்சி:

கையில் பேப்பர் கொடுத்தீர்களா?

பாளை மாடிவீடு:

ஆமாம் அண்ணாச்சி. வசனம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம்.

கேசட் அண்ணாச்சி:

பேப்பரை வாங்கிவிடுங்கள். எழுத்தைப் பார்த்தால் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும், எழுந்து நின்று ஒப்பிப்பார்கள். என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள், சொல் அவருடையதாக இருக்கட்டும். ஆக்‌ஷன் என்று கத்தாதீர்கள். அவர் லைட்டைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும்போதே கேமரா ஓடிக்கொண்டிருக்கட்டும். எங்கள் காலத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடுகிறது என்று அர்த்தம். அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவேன். கல்யாண வீட்டில் கற்ற பாடம். விளக்கைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி விறைப்பாக நிற்பார்கள்.

திருநெல்வேலியில் காஞ்சனை திரைப்பட இயக்கம் வெளிநாட்டுப் படங்களைத் திரையிட்ட காலத்தில் நானும் சிலவற்றைப் போய்ப் பார்த்திருக்கிறேன். மொழி புரியாத படத்தில்கூட, நடிக்கத் தெரியாத ஒரு கிழவர் சும்மா நாற்காலியில் உட்காருகிறதைப் பார்த்து எங்க தாத்தா மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தேன். உங்க அப்பாவிடமும் அதுதான் இருக்கிறது. அதைப் பேப்பர் கொடுத்துக் கெடுக்காதீர்கள்.

கல்லிடை பேத்தி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் கல்லிடைக்குறிச்சியில் மூன்று பெண்கள் சேர்ந்து ஆரம்பித்திருக்கிறோம். ஒரு சந்தேகம். பின்னணியில் ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டு ஓடுகிற மாதிரி எடுத்தோம். யூடியூபில் ஏற்றியதும் பாட்டுக்கு உரிமை கோரி ஒரு நிறுவனம் வந்துவிட்டது, சத்தத்தையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ரேடியோ இல்லாமல் எங்க ஆச்சி வீட்டுக் காலை எப்படி வரும்?

வண்ணாரப்பேட்டை ஒலி:

எடுக்கும்போது ரேடியோவை அணைத்துவிடுங்கள். பிறகு உங்களில் ஒருவரோ உங்க ஆச்சியோ ஒரு தாலாட்டோ கும்மியோ பாடியதைப் பதிந்து, உயர்ந்த சத்தத்தையும் அடிச் சத்தத்தையும் வெட்டி நடுவை மட்டும் விட்டால் பழைய ரேடியோ மாதிரியே கேட்கும். ஆச்சி பாட்டுக்கு யாரும் உரிமை கோரி வரமாட்டார்கள். அதோடு அவர்கள் குரலும் பத்திரமாக இருக்கும்.

அம்பை மைனி:

இதைக் கட்டாயம் செய்யுங்கள் பேத்தி. எங்க அம்மை குரல் ஒரு கேசட்டில்கூட இல்லை.

பாளை மாடிவீடு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். படத்தைத் திரும்ப எடுத்துவிட்டோம்.

கேமராவை அடுக்களை வாசலில் ஸ்டூல் மேல் வைத்தோம். இடது பக்கம் அம்மாவும் மிக்சியும், வலது பக்கம் அப்பா, நடுவில் பின்னால் இட்லிக் கொப்பரை. ஏழு நிமிடம் நாலே முக்கால் நிமிடமாகிவிட்டது. மொத்தம் ஒன்பது வெட்டு. அப்பாவிடம் பேப்பர் கொடுக்கவில்லை. நாலாவது தடவை மிக்சி ஓடியபோது அவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அம்மா கையிலிருந்த கரண்டியை வாங்கிக் காற்றில் எட்டு என்று எழுதிக் காட்டினார். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, எட்டுத் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அப்பா அந்தத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டே, இன்னும் செய்தியைச் சொல்லவில்லையே என்று அடுத்த இடைவெளிக்குக் காத்து நிற்கிறார். வாசலில் கார் வந்ததும் அம்மா சொல்லுதா, "போங்க, உங்க தங்கச்சி வந்துட்டா. இல வாங்கியாரச் சொல்லி நேத்தே உங்ககிட்டச் சொன்னேன், உங்க காதுல எங்க விழுந்துச்சு." அந்தக் கடைசி வரியும் அவளுடையதுதான்.

போன சனிக்கிழமை மாடியில் போட்டோம். ஆனி மாதக் காற்று, உங்களுக்கே தெரியும், செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குப் பாளையில் நிற்க முடியாது. திரைக்குக் கட்டின எட்டு முழ வேட்டி பாய்மரம் மாதிரிப் புடைத்தது. அடியில் கம்பைக் கட்டி, இரண்டு பக்கமும் செங்கல்லைத் தொங்கவிட்டோம். அப்படியும் அப்பா முகம் திரையில் நீண்டு சுருங்கியது. முப்பது பேர் இருந்திருப்பார்கள். பெரிய தூக்குச் சட்டி இறங்கின இடத்தில் பெண்கள் பக்கமிருந்து முதல் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கழித்துத்தான் ஆண்கள் பக்கம் வந்தது. அந்த இடைவெளியை நான் மறக்கவே மாட்டேன். தட்டைக் கொடுக்கிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து சிரித்ததில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி, "ஏ தம்பி, திரும்பப் போடு, எனக்குக் கடைசி கேக்கல"ன்னு சொல்லி இரண்டாவது தடவையும் உட்கார்ந்து பார்த்தாவ.

யூடியூபில் இன்னும் போடவில்லை. முதலில் வள்ளியூர் அத்தை வீட்டு மாடியில் போட வேண்டும், அவர்களைப் பற்றிய படம்தானே. புது சேனல் தம்பி, ஏற்றும்போது அடியில் எழுத்து போடுகிறோம், உங்கள் உதவி வேண்டும்.

புது சேனல்:

கண்டிப்பாக அண்ணே. ஃபைலை அனுப்புங்கள். "அவிய" வருகிற இடத்தில் என்ன போடுவது என்று மைனிகிட்டக் கேட்டுக்கிறேன்.

கடல்தாண்டி நெல்லை:

எனக்கு ஒரு காப்பி அனுப்ப முடியுமா தம்பி? எங்கள் கிளப்பில் போட்டுக் காட்ட வேண்டும். கரண்டியால் எட்டு எழுதுவதற்கு அடியில் எழுத்தே தேவையில்லை.

பாளை மாடிவீடு:

இன்றைக்கே அனுப்புகிறேன் அண்ணே. கேசட் அண்ணாச்சி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சொதிப் படம் இன்னும் இருக்கிறதா?

கேசட் அண்ணாச்சி:

பீரோவில் இருக்கிறது தம்பி. மொத்தம் ஆறு கேசட். இரண்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறது, அதனால் ஓட்டிப் பார்க்கப் பயம். பூஞ்சையோடு போட்டால் விசிஆர் ஹெட்டும் போய்விடும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டிலும் ஒட்டும். என் விசிஆரும் ரப்பர் பெல்ட் போய்க் கிடக்கிறது. 2016 ஜூலையோடு புது விசிஆர் செய்வதையே உலகத்தில் நிறுத்திவிட்டார்கள், இனிப் பழசைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாப்பிள்ளையாக நடித்த என் மச்சினன் இப்போது இல்லை. அவன் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்ததே கிடையாது.

வண்ணாரப்பேட்டை ஒலி:

அண்ணாச்சி, என்னிடம் ஓடுகிற விசிஆர் ஒன்று இருக்கிறது, கணினியில் ஏற்றுகிற சின்னப் பெட்டியும் இருக்கிறது. பூஞ்சை இல்லாத நாலையும் முதலில் ஏற்றிவிடுவோம். மற்ற இரண்டையும் ஓட்டாமல் கொண்டு வாருங்கள். டப்பாவைத் திறந்து நாடாவைத் துடைக்கிறவர் ஒருவரைத் தெரியும், கேட்டுச் சொல்கிறேன். கேசட்டைப் படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிற்க வைத்துக் கொண்டு வாருங்கள், வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். வியாழக்கிழமை சாயங்காலம் வசதிப்படுமா?

கேசட் அண்ணாச்சி:

வியாழக்கிழமை வருகிறேன். மச்சினன் மகனையும் கூட்டிவரட்டுமா?

வண்ணாரப்பேட்டை ஒலி:

கூட்டி வாருங்கள் அண்ணாச்சி. அவன் வந்த பிறகு ஓட்டுவோம்.